திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

நம்ம ஊர்க் குடிமகன்களுக்கு 'திறந்த பாட்டில்' என்று ஒரு பிரச்னை வந்ததே கிடையாது. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. மூடியைத் திருகிய பதினைந்தாவது நிமிஷம் பாட்டில் காலி. மூடி எங்கே உருண்டது என்று தேடுகிற பழக்கம்கூட யாருக்கும் இல்லை. "மிச்ச சரக்கை எப்படி சார் பத்திரமா வைக்கிறது?" என்று டாஸ்மாக் வாசலில் போய்க் கேட்டுப் பாருங்கள். 'மிச்சமா... அப்படின்னா?' என்று திருப்பிக் கேட்பார்கள்.

நான் சொல்ல வந்தது அந்த வகையறா இல்லை. பீரோ பாட்டில்!

எங்கள் புதுவயலில் ஆகட்டும், பக்கத்துக் கண்டனூர், பள்ளத்தூர், காரைக்குடியில் ஆகட்டும், கொஞ்சம் வெளிநாட்டுத் தொடர்பு உள்ள வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைக்கும் பத்திரக் கட்டுக்கும் நடுவில் ஒரு பாட்டில் கம்பீரமாக நிற்கும். சிங்கப்பூர் மச்சானோ ஈப்போ சித்தப்பாவோ கொண்டுவந்தது. விமானத்தில் வரும் ஒருவர் 2 லிட்டர் வரை வரி கட்டாமல் கொண்டுவரலாம். அதில் விஸ்கி வந்த அன்று ராத்திரியே ஆவியாகிவிடும். மொட்டை மாடியில் நாலு பேர் கூடினால் விஸ்கிக்கு ஏது ஆயுசு? தங்கிப்போவது அதன் கூட வந்த லிக்யூர்.

லிக்கர் இல்லை சார், லிக்யூர். லிக்கர் என்றால் பொதுவாக மது. லிக்யூர் என்றால் அந்த மதுவில் சர்க்கரை போட்டு, பழமோ மூலிகையோ காபியோ க்ரீமோ சேர்த்தது. ஐரோப்பியச் சட்டப்படி லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் இனிப்பும், 15 சதவிகித ஆல்கஹாலும் இருந்தால்தான் லேபிளில் அந்தப் பெயரைப் போட முடியும். சாப்பிட்டு முடித்த பிறகு சின்னக் கிளாஸில் ஒரு மடக்கு குடிக்க வேண்டிய சமாசாரம். நம்ம ஆட்கள் தித்திப்பாக இருக்கிறதே என்று ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னடா, டானிக் மாதிரி இருக்கு!" என்று மூடி வைத்துவிடுவார்கள். முக்கால் பாட்டில் பீரோவுக்குப் போய்விடும்.

போனது எத்தனை வருஷம் நிற்கும்? பி.காம். படித்தவன் புத்தி எனக்கு இங்கேதான் வேலை செய்யும். நம்ம வீடுகளில் அந்த பாட்டிலை ஃபிக்சட் அசெட் மாதிரி நடத்துகிறார்கள். நிலம், வீடு, நகை, லிக்யூர்! ஆனால் அதில் பாதி, கீரைக்கட்டு மாதிரி சட்டுபுட்டென்று தீர்க்க வேண்டிய சரக்கு. எது எந்தக் கணக்கில் வரும் என்று தெரியாததுதான் கோளாறு.

40 சதவிகிதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ளதை முதலில் தள்ளி வைத்துவிடலாம். க்வான்த்ரோ, கிராண்ட் மார்னியே, டிராம்பூயி, பெனடிக்டின் எல்லாம் 40. பிரான்ஸில் சாமியார்கள் வடிக்கிற பச்சை சார்த்ரூஸ் 55. இவ்வளவு ஆல்கஹாலும் சர்க்கரையும் சேர்ந்த இடத்தில் எந்தக் கிருமியும் குடித்தனம் நடத்தாது. நெல்லிக்காயைத் தேனில் போட்டு வைக்கிறோமே, அந்த மாதிரி. திறந்து பல வருஷம் ஆனாலும் குடித்தால் வயிற்றுக்கு ஒன்றும் வராது (குடித்ததால் வருவது வேறு கணக்கு!). வாசனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும். அது பற்றிப் பிறகு சொல்கிறேன். எங்கள் வீட்டிலேயே ஒரு கேஸ் இருக்கிறது.

காபி லிக்யூர், பழ லிக்யூர் எல்லாம் இருபது சதவிகிதத்தை ஒட்டி வரும். கெட்டுப்போகாது, கிழடுதட்டும். கறுப்புத் திராட்சை மாதிரியான ஒரு பழத்தில் செய்கிற 'க்ரெம் த காஸிஸ்' முதலில் ஊதா நிறத்தில் ஜொலிக்கும். காற்றுப் பட்டுக் கிடந்தால் பழுப்பாகி, உள்ளே பழம் இருந்ததே மறந்துபோகும். இதற்கு ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம். பெயரில் 'க்ரெம்' இருக்கிறதே, பாலாடையா என்று பயப்பட வேண்டாம். சர்க்கரை ரொம்பத் தூக்கல் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நிஜமான க்ரீம் இருப்பதுதான் ஆபத்தான பார்ட்டி. பெய்லிஸ். 1974-ல் அயர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. விஸ்கியையும் பால் க்ரீமையும் பிரியாமல் கட்டிப் போட்ட வித்தை. ஆல்கஹால் 17 சதவிகிதம். தயாரித்த தேதியிலிருந்து இரண்டு வருஷம் ருசி மாறாது, திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி என்று கம்பெனியே உத்தரவாதம் தருகிறது. பேஷ்! ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வெயில் படாமல், 0 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும்.

25 டிகிரியா? புதுவயலிலா? மார்கழி விடியற்காலை நாலு மணிக்கு வேண்டுமானால் வரும். சித்திரையில் 40-ஐ ஒட்டி நிற்கிற ஊர் சார் இது. ரைஸ் மில்களுக்கு நடுவில் வாழ்கிறோம். களத்தில் நெல் காய்கிற வெயிலில் நாமும் சேர்ந்து காய்கிறோம். திருச்சி ஏர்போர்ட்டில் ஏசியில் சிலிர்த்துக்கொண்டு நின்ற பாட்டில், கார் டிக்கியில் இரண்டு மணி நேரம் வெந்து, வீட்டுக்கு வந்து இரும்பு பீரோவுக்குள் போகிறது. அந்த பீரோ எங்கே இருக்கிறது? நடு வீட்டில் இடமில்லை என்று மேற்குச் சுவரை ஒட்டி. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த பீரோக் கதவைத் தொட்டுப் பாருங்கள், தோசை வார்க்கலாம். கம்பெனியின் இரண்டு வருஷ உத்தரவாதம் நம்ம பீரோவுக்குப் பொருந்தாது. அது அயர்லாந்துக் கணக்கு.

ஆகவே க்ரீம் லிக்யூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஃபிரிட்ஜுக்குத்தான் போக வேண்டும். திறந்துவிட்டால் ஆறு மாசத்துக்குள் தீர்த்துவிடுவது உத்தமம். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், திரிந்து பிரியும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்பூன் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். வழவழவென்று இறங்கினால் சரி. கட்டி கட்டியாக விழுந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, யோசிக்காமல் சிங்க்கில் ஊற்றுங்கள். "சிங்கப்பூர் சாமானாச்சே..." என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அந்த சென்டிமென்ட்டுக்கு மறுநாள் காலையில் வயிறு பதில் சொல்லும்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் (கணக்கு எழுதப்போகிற இடத்தில் பழக்கம்) இப்படிக் கட்டி தட்டியதைப் பார்த்துப் பதறிப்போய் போன் செய்தார். "மாப்ளே, நேத்துதான் திறந்தேன், அதுக்குள்ள கெட்டுப்போச்சுடா!" விசாரித்தால், அண்ணன் பெய்லிஸில் எலுமிச்சம்பழம் பிழிந்து சோடா ஊற்றியிருக்கிறார்! பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும்? பனீர். அதுதான் ஆகியிருக்கிறது. சரக்கு மேல் தப்பே இல்லை.

முட்டை மஞ்சள் கரு போட்டது ஒன்று உண்டு, ஹாலந்துக்காரர்களுடையது. பெயர் அட்வகாட். அவர்கள் பாஷையில் அதற்கு வக்கீல் என்றும் அர்த்தம். வக்கீலை ரொம்ப நாள் வீட்டில் தங்கவைப்பது நல்லதில்லை. ஃபிரிட்ஜ், ஆறு மாசம், ஃபினிஷ்.

இந்தக் கூட்டத்தில் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொள்வது வெர்மூத். மார்ட்டினி என்று பெரிய எழுத்தில் போட்ட பாட்டிலாக வரும். பார்க்க லிக்யூர் மாதிரி இருக்கும், உள்ளே ஒயின். திறந்தால் ஃபிரிட்ஜில் ஒரு மாசம், இரண்டு மாசம். அதற்கு மேல் பீரோவில் நின்றது சமையலுக்குக்கூட ஆகாது.

இனி எங்கள் வீட்டு கேஸ்.

2004-ல் என் அக்காவுக்கு முதல் பிரசவம். ஈப்போவில் இருக்கும் அத்தை, மருமகளைப் பார்க்க வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பெனடிக்டின் டி.ஓ.எம். பிரான்ஸில் நார்மண்டிப் பக்கம் ஃபெகாம்ப் என்கிற ஊரில் 1863-லிருந்து 27 மூலிகை, வாசனைச் சரக்குகள் போட்டு வடிப்பது. அதற்கும் புதுவயல் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்? மலேசியா, சிங்கப்பூர்ச் சீனர்கள் மத்தியில் இது பிள்ளை பெற்றவளுக்குத் தரும் பத்திய மருந்து. நம்ம பிரசவ லேகியம் மாதிரி. அத்தை அக்கம்பக்கத்துச் சீனத்தியிடம் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். அம்மா பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, "பால் குடுக்குற பிள்ளைக்கு இதைக் குடுக்கிறதாவது!" என்று பிடுங்கி வைத்துவிட்டாள். இன்றைய டாக்டரும் அதைத்தான் சொல்வார். பாட்டில் அப்பாவின் கைக்குப் போனது.

அப்பா ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. மார்கழிப் பனியில் நெஞ்சு கட்டினால் ராத்திரி ஒரு மூடி, 'மருந்து'. ஊற்றி முடித்ததும் பாட்டிலை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே லேபிள் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதுவார். வீட்டில் நான் ஒருத்தன்தான் ஆம்பளைப் பிள்ளை. கோடு யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை! கடைசிக் கோடு 2010 மார்கழி. 2011 ஆடியில் அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த பாட்டிலை யாரும் திறக்கவில்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு திதிக்கும் முதல் நாள் அதை எடுத்துத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைப்பாள். முதல் வருஷத் திதிக்குப் பிறகு பீரோ சாவி அம்மாவின் இடுப்புக்குப் போனது. வயசாகிறது, பத்திரம் நகை எல்லாம் இருக்கிறது, சரிதான் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன பொங்கலுக்கு ஈப்போவிலிருந்து அத்தை மகன், என் மச்சான், வந்தார். கையில் ஒரு பெய்லிஸ். அதோடு, "அம்மா குடுத்துவிட்டுச்சு" என்று ஒரு புது டி.ஓ.எம். அப்போதுதான் பழைய பாட்டில் பேச்சு வந்தது. அம்மா எடுத்து வந்து மேஜை மேல் வைத்தாள். மச்சான் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கடைசிக் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கி நிற்கிறது.

"என்ன மாப்ள, மாமா கணக்கு உதைக்குதே?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "அவனைக் கேக்காதீக தம்பி. சின்ன வயசு, அப்பாவும் போயிட்டாக, ஏதோ கஷ்டத்துல குடிச்சிட்டான்னு விட்டுட்டேன். சாவியை இடுப்புல சொருகினேன். அப்பவும் குறையத்தான் செஞ்சுச்சு. காரைக்குடியில போயி கள்ளச்சாவி அடிச்சிருப்பான்."

பதினாலு வருஷமாக என் மேல் ஒரு ஆடிட் அப்ஜெக்‌ஷன் நிலுவையில் இருந்திருக்கிறது! எனக்குத் தெரியவே தெரியாது. நான் வீட்டுக்குள் குடித்ததே இல்லை (வெளியே நடந்தது இந்தக் கட்டுரைக்கு அப்பாற்பட்டது).

பாட்டில் மூடியைத் திருகினேன். அசையவில்லை. கழுத்தில் சர்க்கரை பூத்துக் கெட்டிப்பட்டிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிஷம் வைத்துத் திறந்தால், மூடிக்கும் வாய்க்கும் நடுவில் கற்கண்டு மாதிரி படிவம். மூடி சரியாக உட்காரவே இல்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் ஆவி போயிருக்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும், சூடு ஏற ஏற இன்னும் வேகம். இரும்பு பீரோ, மேற்குச் சுவர், பதினாலு சித்திரை.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? மில் பாஷையில் சொன்னேன். "ஏம்மா, ஈர நெல்லை நூறு கிலோ எடை போட்டுக் களத்துல பரப்புறோம். காய்ஞ்சப்புறம் நூறு கிலோ இருக்குமா?"

"எப்படி இருக்கும்? காய்ச்சல்ல குறையும். உங்கப்பா அதுக்குன்னு தனிப் பத்தி எழுதுவாகளே."

அரசாங்கக் கொள்முதலில்கூட நெல்லுக்கு 17 சதவிகித ஈரம் என்று வழக்கமாக ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஈரம் எடை, எடை காசு. கணக்குப்பிள்ளை பெண்டாட்டிக்கு அது தெரியாதா? பாட்டிலைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மச்சான் முன்னால் வைக்கவில்லை!

புதுசும் பழசும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி நானும் மச்சானும் சோதித்தோம். பழசு கெடவில்லை. புளிப்பு இல்லை, கசடு இல்லை. ஆனால் களைத்துப் போயிருந்தது. காரம் மட்டுப்பட்டு, தேன் தித்திப்பு மட்டும் முன்னால் வந்தது. புதுசில் ஏலமும் குங்குமப்பூவும் என்னென்னவோ பச்சிலையும் மூக்கில் ஏறின. பழசில் அதெல்லாம் தூரத்து வீட்டுச் சமையல் மாதிரி.

அம்மா இரண்டையும் வாங்கி மோந்து பார்த்தாள். பழசில் ஒன்றும் சொல்லவில்லை. புதுசைக் கொஞ்ச நேரம் மூக்குக்கிட்டவே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மார்கழியில அவுககிட்ட இதே வாசனைதான் வரும்" என்றாள்.

அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பழசை நீங்க ரெண்டு பேரும் குடிச்சுத் தீருங்க. புதுசை நான் உள்ள வைக்கிறேன்."

ஸ்டாக் வேல்யுவேஷனில் முதலில் வந்தது முதலில் வெளியே என்று ஒரு முறை, ஃபிஃபோ. மூணு வருஷம் காலேஜில் படித்தும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

புது பாட்டிலை பீரோவில் வைக்க நான் விடவில்லை. பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சியிடம் யோசனை கேட்டோம். செட்டிநாட்டு வீட்டைக் காவல் காத்து, ஊறுகாய் ஜாடி, எண்ணெய்ச் சாடி, பர்மாவிலிருந்து வந்த மங்குச் சாமான் எல்லாவற்றையும் கட்டிக் காப்பவர். "முகப்புலயா வைப்பாக எண்ணெயை? ரெண்டாம் கட்டு உள்ரூம்ல, தரையோட வைங்க. அங்கதான் சூடு ஏறாது" என்றார். தடித்த சுண்ணாம்புச் சுவர், வெளிச்சமில்லாத அறை. 40 சதவிகிதச் சரக்குக்கு அதுவே போதும், ஃபிரிட்ஜ் வேண்டியதில்லை. நம்ம ஊரில் எதைப் பாதுகாக்க நினைத்தாலும் முதலில் வெயிலில்தான் போடுகிறோம். வத்தல், வடகம், புளி, மிளகாய் எல்லாம் அதில்தான் பிழைக்கிறது. லிக்யூருக்கு அதே வெயில் எமன். எங்கள் வீட்டில் ரெண்டாம் கட்டு ஏது! அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு மூலை, நாள் முழுக்க நிழல். அங்கே நிற்கிறது, நிமிர்த்தி வைத்தபடி. ஒயின் மாதிரி படுக்கப் போடக்கூடாது. ஆல்கஹால் மூடியை அரிக்கும்.

ஊற்றியவுடன் பாட்டில் வாயை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் முதலில் எறும்பு வரும், அப்புறம் கற்கண்டு, அப்புறம் கள்ளச்சாவிப் பட்டம். கால் பாட்டில்தான் மிச்சம் என்றால் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுவது நல்லது. உள்ளே காற்று குறைந்தால் வாசனை நிற்கும். ஆனால் தயவுசெய்து டானிக் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றாதீர்கள். வீட்டில் ஒரு தாத்தாவோ ஒரு குழந்தையோ இருந்தால் விபரீதம். முக்கியமாக பெய்லிஸ். சாக்லேட் பால் மாதிரியே இருக்கும். குழந்தை விடாது.

அந்த பெய்லிஸுக்குத்தான் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இரண்டு நாள் இழுத்தது. "மாவுச் சட்டி இருக்குற ஃபிரிட்ஜ்லயா?" என்று அம்மா நின்றாள். கடைசியில் உடன்பாடு ஆனது. மேல் தட்டில், அக்கா பிள்ளைகள் கைக்கு எட்டாத மூலையில், பாட்டிலை நியூஸ்பேப்பரில் சுற்றி வைக்க வேண்டும். வெள்ளி, செவ்வாய் அன்று தொடக்கூடாது. தைப்பூசத்துக்கு மறுநாள் திறந்தோம். பேப்பர் மேல் தேதி எழுத நான் மார்க்கர் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா அப்பாவின் பழைய பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்து, "கோடும் போட்டு வை" என்றாள்.